தகட்டின் ஓரத்தில் வந்த விரிசல்: ஒரு பத்து வீல் டிப்பரின் சேசிஸ் ரிப்பேர்

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் பட்டறை வைத்திருப்பவர்களுக்குச் சேசிஸ் (வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம்) விரிசல் பழகிய வேலை. இந்த வண்டியை மட்டும் அளவுகளோடு எழுதி வைக்க ஒரு காரணம் உண்டு. ஏற்கெனவே ஒருமுறை விரிசல் விட்டு, வேறொரு பட்டறையில் தகடு வைத்து வெல்டிங் அடித்து அனுப்பிய வண்டி இது. 14 மாதம் கழித்து அந்தத் தகட்டின் ஓரத்திலேயே மறுபடி கிழிந்திருந்தது. தகடு வைத்தால் பலம் என்று நம்பித்தான் நம் பட்டறைகளில் பாதி வேலை நடக்கிறது. அந்த நம்பிக்கை எந்த இடத்தில் தப்பாகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வண்டி என் கைக்கு வந்ததில்லை.

வண்டி 2009 மாடல், பத்து வீல் டிப்பர். கிரஷரில் இருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஓட்டுகிறது. இப்போதைய ஓனர் மூன்றாவது கை. வண்டி வந்தது சேசிஸ் வேலைக்காக அல்ல, சத்தத்துக்காக.

"அண்ணா, ஸ்பீடு பிரேக்கர் இறங்கறப்ப கேபினுக்குப் பின்னாடி டக்குனு அடிக்குதுங்க. ரெண்டு வாரமா இருக்குது. கேபின் ரப்பர் மாத்தியாச்சு, நிக்க மாட்டேங்குது," என்றார் டிரைவர்.

இன்னொன்றையும் அவரே போகிறபோக்கில் சொன்னார். லோடு ஏற்றினால் டிரைவர் பக்கக் கதவு சரியாக ஒட்டவில்லையாம். இறக்கிய பிறகு ஒழுங்காகச் சாத்துகிறதாம். அதைக் கேட்டதும் ரப்பரை விட்டுவிட்டு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். ஏற்றினால் ஒரு மாதிரி, இறக்கினால் ஒரு மாதிரி என்று கதவு நடந்துகொண்டால் சேசிஸ் எங்கோ வாய் திறந்து மூடுகிறது என்று அர்த்தம்.

வலது பக்கச் சேசிஸ், கேபின் முடிந்து இரண்டடி பின்னால். பழைய தகட்டின் முன் ஓரத்தையொட்டி, செம்மண் கரைத்துக் கோடு போட்டது போல ஒரு துருக் கோடு வழிந்திருந்தது. சுற்றிலும் பெயின்ட்டும் தூசியும் படிந்து கறுப்பாக இருக்கும் இடத்தில் ஒரு கோடு மட்டும் சிவப்பாக ஈரம் காட்டினால், உள்ளே இரும்பும் இரும்பும் உரசுகிறது. அந்தப் பொடிதான் தண்ணீரோடு சேர்ந்து அப்படி வழிகிறது. வண்டி கழுவுகிற கிளீனர் பையன் அதைப் பல நாளாகப் பார்த்திருக்கிறான். அது என்னவென்று அவனுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும் கிளீனரைக் கூப்பிட்டு இந்த ஒரு விஷயத்தைக் காட்டிவிடுகிறேன்.

விரிசலின் அளவைச் சொல்வதற்கு முன்னால் சேசிஸின் வடிவத்தைச் சொல்ல வேண்டும். லாரிச் சேசிஸின் நீளச் சட்டம் 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போன்ற சேனல். நிமிர்ந்து நிற்கும் உயரமான சுவர் வெப். மேலும் கீழும் மடங்கிப் படுத்திருப்பவை பிளாஞ்சு. இந்த வண்டியில் வெப் உயரம் 250 மி.மீ., பிளாஞ்சு அகலம் 80 மி.மீ., கனம் 8 மி.மீ. கணக்குப் போட்டால், வளைவைத் தாங்கும் வலுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மேல் பிளாஞ்சிலும் கீழ் பிளாஞ்சிலும்தான் இருக்கிறது. பார்வைக்குப் பெரிதாக இருக்கும் வெப்பின் பங்கு அதைவிடக் குறைவு. லோடு ஏறும்போது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சில்களுக்கும் நடுவே சட்டம் தொய்கிறது. மேல் பிளாஞ்சு அமுங்குகிறது, கீழ் பிளாஞ்சு இழுபடுகிறது. விரிசல் பிறப்பது இழுபடும் பக்கத்தில்.

இங்கேயும் அப்படித்தான். கீழ் பிளாஞ்சு முழு அகலத்துக்கும் அறுந்துபோயிருந்தது. அங்கிருந்து வெப்பில் 150 மி.மீ. மேலே ஏறியிருந்தது. அந்த இடத்தில் பாதிச் சேசிஸ் இல்லை என்றே சொல்லலாம். மிச்சமிருந்த 100 மி.மீ. வெப்பும் மேல் பிளாஞ்சும்தான் அத்தனை லோடையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. டிரைவரிடம் வண்டியை இங்கிருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓனருக்குப் போன் போட்டேன்.

பழைய தகட்டுக்கு அடியில்

ஓனர் வந்து பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு மேலயே இன்னொரு தகடு கனமா வெச்சு அடிச்சுரலாமுங்களா? சாயங்காலம் வண்டி வேணும். டியூ கட்டோணும்."

அவர் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. பழைய வண்டி, வட்டிக்கு வாங்கிய பணம், நிற்கிற ஒவ்வொரு நாளும் நஷ்டம். ஆனால் அந்தத் தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் ஒரு வெல்டிங் ராடுகூட அடிக்க மாட்டேன் என்றேன். ஒரு நாள் கேட்டேன், பாதி மனசோடு ஒப்புக்கொண்டார்.

பழைய தகடு 600 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம். நாலு பக்கமும் சுற்றி வெல்டிங். நாலு மூலையும் செங்கோணம். சேசிஸ் கனம் 8, ஒட்டுத் தகடு 10. தாயைவிடப் பிள்ளை கனம். கேஸ் கட்டிங் வைத்தால் அரை மணி நேரத்தில் கழன்றுவிடும், ஆனால் அடியில் இருக்கும் சேசிஸ் வெந்துபோகும். அதனால் கிரைண்டரை வைத்து வெல்டிங்கை மட்டும் அரைத்து எடுத்தோம். இரண்டு ஆள், ஒரு முழு நாள். எட்டு கிரைண்டர் வீல் தேய்ந்தது.

தகடு கீழே விழுந்ததும் பழைய விரிசல் தெரிந்தது. தகட்டின் நடுவில், புது விரிசலில் இருந்து 300 மி.மீ. பின்னால். அது கீழ் பிளாஞ்சில் யாரோ போட்ட 14 மி.மீ. துளையில் பிறந்திருக்கிறது. ஏர் பைப் கிளாம்புக்கோ, டூல் பாக்ஸுக்கோ போட்ட துளையாக இருக்க வேண்டும். துளையின் ஓரம் கேஸில் ஓட்டை போட்டது போலக் கரடுமுரடாக இருந்தது.

80 மி.மீ. அகலப் பிளாஞ்சில் 14 மி.மீ. துளை போட்டால் அந்த இடத்தில் இரும்பு ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. அதைவிட மோசம், வட்டத் துளையின் விளிம்பில் இழுவிசை சுற்றியிருக்கும் இடத்தைப் போல ஏறத்தாழ 3 மடங்கு ஆகிறது. நல்ல டிரில்லில் போட்டு ஓரம் வழித்த துளைக்கே இந்தக் கதி. கேஸில் போட்ட துளையின் ஓரத்தில் ஏற்கெனவே ஊசி முனை போன்ற வெடிப்புகள் தயாராக இருக்கும். கம்பெனிக்காரர்கள் பிளாஞ்சில் துளை போடாதே என்று அத்தனை சர்வீஸ் புத்தகத்திலும் எழுதி வைப்பது இதற்காகத்தான்.

அந்த முதல் விரிசலுக்கு நடந்த வைத்தியத்தையும் பார்த்தோம். விரிசலை வெட்டித் திறக்காமல் மேலாக ஒரு கோடு வெல்டிங் ஓட்டியிருக்கிறார்கள். கிரைண்டரில் 2 மி.மீ. இறக்கினதுமே அடியில் விரிசல் அப்படியே கிடந்தது. விரிசல் மேலே ஓடாமல் தடுக்க அதன் முனையில் போடும் நிறுத்துத் துளை இல்லை. அதனால் தகட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாமல், இன்னும் மேலே நகர்ந்திருந்தது. தகட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே தண்ணீர் இறங்கித் துரு அப்பளமாக உரிந்தது.

அப்புறம் புது விரிசலின் வாயைப் பார்த்தோம். சேசிஸுக்கு அடியில் வைத்திருந்த ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கினதும் கீழ் பிளாஞ்சில் விரிசல் 3 மி.மீ. திறந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் ஒரே இரும்பில் இரண்டு நிறம். தகட்டின் வெல்டிங் ஓரத்தை ஒட்டிய பகுதி கறுத்து, துருவேறி, கையால் தடவினால் வழவழப்பாக இருந்தது. வெப்பின் மேல் பகுதியில் சாம்பல் நிறத்தில், இப்போதுதான் உடைந்த கல் போலப் பளபளத்தது. கறுத்த பகுதி மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கிழிந்தது. பளபளத்த பகுதி டிரைவர் சத்தம் கேட்ட அந்த இரண்டு வாரம். இதைப் பார்க்கத்தான் ஓனரை வண்டிக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு அவர் சாயங்காலம் வண்டி வேண்டும் என்று கேட்கவில்லை.

ஏன் அந்த இடத்தில்

சேசிஸ் வளைந்து கொடுக்க வேண்டிய பொருள். பள்ளத்தில் ஒரு வீல் இறங்கும்போது முறுக்கிக்கொண்டு, ஏறினதும் பழையபடி ஆகிவிட வேண்டும். நீளம் முழுக்கச் சீராக வளைந்தால் எந்த ஒரு இடத்துக்கும் கஷ்டம் இல்லை. மூங்கில் கழியை இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தால் தெரியும். அதே கழியின் நடுவில் ஒரு இரும்புக் குழாயை மாட்டிவிட்டு வளைத்தால் குழாய்க்குள் இருக்கும் பகுதி வளையாது. குழாய் முடிகிற விளிம்பில் கழி ஒடியும். இந்த வண்டியில் 10 மி.மீ. தகடுதான் அந்தக் குழாய். தகடு இருந்த 600 மி.மீ. நீளம் கல்லாக நின்றது. அது செங்குத்தாக வெட்டி முடிகிற கோட்டில், அதுவும் வெல்டிங் சூட்டில் குணம் மாறிய இரும்பில், மொத்த வளைவும் போய் விழுந்தது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டிப்பர் பாடியைத் தாங்கும் சப்-பிரேம், சேசிஸின் மேல் பிளாஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அதன் முன் முனையைப் பாடி கட்டினவர்கள் சதுரமாக வெட்டி விட்டிருந்தார்கள். அளந்து பார்த்தால், சப்-பிரேம் முடியும் இடத்துக்கும் கீழே தகடு முடிந்த இடத்துக்கும் வித்தியாசம் 70 மி.மீ. மட்டுமே. மேலே ஒரு முட்டு, கீழே ஒரு முட்டு, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில். வலது பக்கப் பின் ஸ்பிரிங் கட்டில் இரண்டு பட்டை உடைந்து கிடந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் வண்டி கூடுதலாகச் சாய்ந்தே ஓடியிருக்கிறது.

லோடு விஷயத்துக்கு வருவோம். நம் பக்கம் ஜல்லி, மணல் எல்லாம் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். இது பருமன், எடை இல்லை. ஜல்லி என்றால் யூனிட்டுக்கு ஏறத்தாழ நாலேகால் டன் வரும். ஈர எம்-சாண்ட் என்றால் 5 டன்னைத் தொடும். இந்த வண்டி மொத்த எடை 25 டன்னுக்குச் செய்தது. காலி வண்டி 10 டன் போக மிச்சம் 15 டன். ஜல்லியில் மூன்றரை யூனிட், ஈர எம்-சாண்டில் 3 யூனிட், அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்தது எது ஏற்றினாலும் 5 யூனிட்.

"2018-ல கவர்மென்டே 28.5 டன்னுக்கு ஏத்திட்டாங்களே?" என்றார் ஓனர். உண்மைதான், 2018 ஜூலையில் மத்திய அரசு மூன்று ஆக்சில் வண்டிகளுக்கு அந்த அளவுக்கு உயர்த்தியது. ஆனால் இந்தச் சேசிஸ் 2009-ல் செய்தது. அதற்கு அரசாணை தெரியாது. அப்படியே 28.5 என்று வைத்துக்கொண்டாலும் 5 யூனிட் ஈர எம்-சாண்டோடு வண்டி 35 டன் நிற்கும்.

வெல்டிங் உள்ள இரும்பு களைத்துப்போவதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. விசை எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதன் மும்மடிப் பெருக்கத்துக்கு ஆயுள் குறையும். 15 டன் ஏற்ற வேண்டியதில் 21 டன் ஜல்லி ஏற்றினால் விசை 1.4 மடங்கு. மும்மடியில் 2.7. ஒரு நடை போய் வந்தால் சேசிஸுக்கு ஏறத்தாழ மூன்று நடைத் தேய்மானம். 25 டன் எம்-சாண்ட் என்றால் நாலரை நடை. ஓனருக்கு இதைப் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை

புது நீளச் சட்டம் மாற்றுவதா, இதையே சரி செய்வதா என்பது முதல் முடிவு. சட்டம் மாற்றினால் இரும்புக்கு மறுபிறவி கிடைக்கும். ஆனால் சேசிஸ் நம்பர் அடித்திருப்பது அந்த வலது சட்டத்தில்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி வண்டியின் அமைப்பில் மாற்றம் செய்யப் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதோடு வண்டியை மொத்தமாகப் பிரிக்க வேண்டும். சட்டத்தின் மற்ற இடங்களைச் சுத்தம் செய்து பார்த்ததில் துருவும் இல்லை, வேறு விரிசலும் இல்லை. மேல் பிளாஞ்சு நேராக இருந்தது. இந்த மாடலின் சர்வீஸ் புத்தகம் முறைப்படி வெல்டிங் செய்ய அனுமதித்திருந்தது. அதனால் இதையே சரி செய்வது என்று முடிவெடுத்தோம்.

எல்லாச் சேசிஸும் அப்படி இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில நாட்டுக் கனரக வண்டிகளில், குறிப்பாக அமெரிக்க லாரிகளில், சூடாக்கிப் பதப்படுத்திய இரும்பில் சட்டம் செய்கிறார்கள். அதில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தின் பதம் போய்விடும். வண்டியின் புத்தகத்தைப் பார்க்காமல் ராடைப் பற்றவைக்கக் கூடாது.

பாடியைத் தூக்கி எடுத்தோம். டீசல் டேங்க் கழற்றி வெளியே வைத்தாயிற்று. அந்தப் பக்கம் போகும் நைலான் ஏர் பைப்களையும் ஒயரிங்கையும் கழற்றி ஒதுக்கிக் கட்டினோம். பேட்டரி டெர்மினல், ஆல்டர்னேட்டர் இணைப்பு இரண்டையும் எடுத்தோம். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அரைத்துப் பளபளப்பாக்கிய இரும்பில் மாட்டினோம். எர்த்தை ஸ்பிரிங் பட்டையிலோ வீல் பக்கத்திலோ மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் அதைத் தின்றுவிடும்.

சேசிஸை நேராக்குவதற்கு விரிசலின் இரண்டு பக்கமும் ஜாக்கி வைத்து, டியூப் லெவல் பிடித்து, இடது சட்டத்தோடு ஒப்பிட்டோம். வலது பக்கம் 11 மி.மீ. தொய்ந்திருந்தது. ஒரே மூச்சில் தூக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். விரிசலின் வாய் தானாக வந்து பொருந்தின பிறகு மூலைக்கு மூலை அளந்தால் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் வந்தது. கோணலாக இருக்கும்போது வெல்டிங் வைத்தால் கோணலே நிரந்தரம். ஸ்டியரிங் இழுக்கும், டயர் தின்னும்.

விரிசல் உண்மையில் எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. டிபி டெஸ்ட் (சாயம் ஊறவைத்து விரிசலைக் காட்டும் சோதனை) வைத்தோம். இடத்தைத் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து, பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடிக்க வேண்டும். வெள்ளைப் பொடி காய்ந்துகொண்டிருக்கும்போதே, கண்ணுக்குத் தெரிந்த முனைக்கு மேலே இன்னும் 18 மி.மீ. தூரம் தலைமுடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது. பட்டறையில் இருந்த சின்னப் பையன்கள் எல்லாரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த 18 மி.மீ. தெரியாமல் துளை போட்டிருந்தால் விரிசல் துளைக்கு வெளியே உயிரோடு இருந்திருக்கும். கோடு முடிந்த இடத்துக்கு 12 மி.மீ. தள்ளி 8 மி.மீ. நிறுத்துத் துளை போட்டோம்.

வெல்டிங்குக்குத் திருச்சியில் பாய்லர் வேலை பார்த்துப் பழகியவரை வரவழைத்தேன். அவர் வந்ததும் முதலில் கேட்டது ராடு ஓவன், ராடைச் சுட்டு உலர்த்தும் அடுப்பு. இந்த வேலைக்கு எடுத்த 7018 வகை ராடு ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தில் இருக்கும் ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் இறங்கினால், எல்லாம் முடிந்து ஆறிய பிறகு, சில சமயம் மறுநாள்கூட, உள்ளே வெடிக்கும். அதனால் 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுட்டு, எடுத்துச் சூடாகவே அடிக்க வேண்டும். பட்டறையில் வழக்கமாகக் கிடக்கும் 6013 ராடு சுலபமாகப் பற்றும், பார்க்கவும் அழகாக ஓடும். சேசிஸுக்கு அது வேண்டாம்.

விரிசலை 60 டிகிரி 'வி' வெட்டாக முழுக்கனத்துக்கும் திறந்தோம். பின்பக்கம் செம்புப் பட்டை முட்டுக் கொடுத்தோம். கீழ் பிளாஞ்சின் ஓரத்தில், அதே கனத்தில் சின்னத் துண்டுத் தகடு ஒன்றைத் தற்காலிகமாக ஒட்டினோம். வெல்டிங் தொடங்குகிற இடமும் முடிகிற இடமும்தான் எப்போதும் பலவீனம். அந்தத் தொடக்கமும் முடிவும் துண்டுத் தகட்டில் விழட்டும், பிறகு துண்டை அறுத்து எறிந்துவிடலாம் என்பதற்காக.

அடித்த முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வெல்டிங் ஆறும்போது சுருங்கும். சுருங்குவதற்கு இடம் விட்டு, விரிசலின் மூடிய முனையில் தொடங்கித் திறந்த ஓரத்தை நோக்கி வர வேண்டும். இங்கே மூடிய முனை மேலே, திறந்த ஓரம் கீழே. ஆனால் நிமிர்ந்த தகட்டில் ராடு கீழிருந்து மேலே போனால்தான் இரும்பு ஆழமாக இறங்கும். அதனால் மேலேயிருந்து கீழாகத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் கீழிருந்து மேலாக அடித்தார். முதல் வரிசைக்கு 2.5 ராடு, 80 ஆம்பியர். அதற்கு மேல் 3.15 ராடு, 110 ஆம்பியர். ஒவ்வொரு வரிசைக்கும் மேலே படியும் கசடை (ஸ்லாக்) தட்டி, பிரஷ் போட்டு, சூடு தணிந்த பிறகே அடுத்தது. வேகமாக ஆற்றத் தண்ணீரோ ஃபேனோ வேண்டாம் என்று பையன்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். ஒரு பக்கம் முடிந்ததும் பின்பக்க வேரை, அதாவது முதல் வரிசையின் அடியை, அரைத்துத் திறந்து, அங்கிருந்தும் ஒரு வரிசை ஓட்டினார். பழைய விரிசலையும் அது பிறந்த துளையையும் இதே முறையில் திறந்து மூடினோம்.

கிரைண்டிங்தான் நான் அதிகம் கவலைப்பட்ட இடம். வெல்டிங்கைச் சேசிஸ் மட்டத்துக்குச் சமமாக அரைத்தோம். கிரைண்டர் வீலின் கீறல் சட்டத்தின் நீளவாக்கில் மட்டும் விழ வேண்டும். குறுக்கே விழும் ஒவ்வொரு கீறலும் அடுத்த விரிசலுக்கு வரைந்து கொடுத்த கோடு. வெப்பும் பிளாஞ்சும் சேரும் உள்வளைவில் பெரிய கிரைண்டர் போகாது. பென்சில் கிரைண்டரை வைத்து விரல் வழுக்கிப் போகும் அளவுக்கு வழித்தோம். மறுநாள் காலை மறுபடி டிபி டெஸ்ட். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

இரண்டு பக்கமும்

பலத்துக்குத் தகடு வேண்டாமா என்றால், வேண்டும். எப்படி முடிகிறது என்பதில்தான் விஷயம். இ350 தரத்தில் 6 மி.மீ. தகட்டை 'எல்' வடிவத்தில் மடித்து வாங்கினோம். நீளம் 1,500 மி.மீ., இரண்டு விரிசலையும் தாண்டிப் பக்கத்துக்கு 600 மி.மீ. போகும்படி. இரண்டு முனையையும் 30 டிகிரி சரிவில் நீளமாகச் சீவினோம். அப்போது பலம் ஒரே கோட்டில் நின்றுவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வெல்டிங் ஒரு பொட்டுக்கூட வைக்கவில்லை. முழுக்க அதிவலுவான 10.9 கிரேடு எம்14 போல்ட், கடின வாஷர், அளவு வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்ச். துளைகள் வெப்பில் மட்டும். வெப்பில் கம்பெனி போட்ட துளைகளை முடிந்தவரை பயன்படுத்திக்கொண்டோம். புதிதாகப் போட்டதைச் சின்ன டிரில்லில் தொடங்கி, துளையை வழவழப்பாக்கும் ரீமர் விட்டு, ஓரம் வழித்தோம். தகடு வைப்பதற்கு முன் இரண்டு பரப்பிலும் பிரைமர் அடித்தாயிற்று, இனித் தண்ணீர் உள்ளே தங்காது.

இதே 'எல்' தகட்டை இடது பக்கமும் போட்டோம். அங்கேதான் ஓனரோடு கொஞ்சம் பேச வேண்டியிருந்தது.

"நல்லா இருக்கற பக்கத்துக்கு எதுக்குங்ணா வீண் செலவு?"

"ஒரு பக்கம் மட்டும் இறுகிட்டா முறுக்கு எல்லாம் அடுத்த பக்கம் போய் நிக்குமுங்க. ஒன்றரை வருசம் கழிச்சு அந்தப் பக்கம் கிழிஞ்சு வருவீங்க. எனக்கு அது வேண்டாம்."

சப்-பிரேமின் முன் முனையை 350 மி.மீ. முன்னால் நீட்டி, மேலிருந்து சரிவாகச் சீவி, சேசிஸில் குத்தாதபடி கீழ் விளிம்பை உருட்டினோம். இப்போது சப்-பிரேம் முடியும் இடமும் 'எல்' தகடு முடியும் இடமும் நன்றாக விலகி நிற்கின்றன. முன்பக்க யூ போல்ட் இருக்கும் இடத்தில் சேனலுக்குள் இரும்பு முட்டு வைத்தோம், இறுக்கும்போது பிளாஞ்சு நசுங்காமல் இருக்க. உடைந்த ஸ்பிரிங் பட்டைகளை மாற்றினோம். ஆக ஆறு நாள்.

அதன் பிறகு

வண்டியை ஒப்படைக்கும்போது இரண்டு நிபந்தனை வைத்தேன். முதல் வாரம் முடிந்ததும் போல்ட் இறுக்கம் பார்க்க வர வேண்டும். மாதம் ஒருமுறை எடைமேடைச் சீட்டுகளைக் காட்ட வேண்டும். எல்லா நட்டின் மேலும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டோம். நட்டு அசைந்தால் கோடு விலகும், கிளீனர் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முதல் வாரம் இரண்டு போல்ட் கொஞ்சம் ஏற்றம் கேட்டன. மூன்றாவது மாதம் கோடுகள் அசையவில்லை, டிபி டெஸ்டும் சுத்தம். இடையில் எஃப்.சி.யும் (வண்டியின் தகுதிச் சான்றுச் சோதனை) முடிந்தது. பழைய வண்டிக்கு இப்போது வருடாவருடம் எஃப்.சி., அதற்கு முன்னால் கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லியிருந்தேன், கொண்டுவந்தார். எடைமேடைச் சீட்டுகளில் பெரும்பாலானவை 25 டன்னை ஒட்டி இருந்தன. மழைக்காலத்தில் மூன்று சீட்டு 27-ஐத் தாண்டியிருந்தன. ஈர மணலை ஜல்லிக் கணக்கில் ஏற்றியது. டிரைவரே அதைச் சொல்லி, இனி எம்-சாண்டுக்கு உயரக் கோடு தனியாகப் பாடிக்குள் அடித்துத் தரச் சொன்னார். அடித்துக் கொடுத்தோம்.

பதினோராவது மாதம் வந்தபோது வலது பக்கம் வெல்டிங், தகட்டு முனைகள், சப்-பிரேம் முனை எல்லாவற்றிலும் சாயம் போட்டுப் பார்த்தோம். ஒரு கோடும் இல்லை. இடது பக்கம் துடைத்துக்கொண்டே போனபோது, கீழ் பிளாஞ்சில் புதிதாக ஒரு துளையும் அதில் தொங்கும் ஒரு கொக்கியும் கண்ணில் பட்டது. தண்ணீர் கேன் மாட்டுவதற்கு வழியில் எங்கோ போட்டு வாங்கியிருக்கிறார்கள். கொக்கியைக் கழற்றிப் பாடி ஆங்கிளுக்கு மாற்றினோம். துளையின் ஓரத்தை ரீமர் விட்டு வழித்து, டிபி டெஸ்ட் வைத்துப் பார்த்தோம். வெடிப்பு இல்லை. அதன் இடத்தை அளந்து வண்டியின் நோட்டில் எழுதியிருக்கிறேன். இனி ஒவ்வொரு முறையும் சாயம் போடும் இடங்களில் அதுவும் ஒன்று.